139 ஆண்டுக் கணக்கும் நுரைச்சோலைக் குவியலும்

போர் முடிந்த பிறகு கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு வந்த உயரழுத்தக் கம்பிகள்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டை மறுபடி தேசிய மின்வலையில் சேர்த்தன. அதுவரை சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து எடுத்ததே எங்கள் கரண்ட். இன்று அந்த வலைக்கு மின் ஊட்டும் நிலையங்களில் மிகப் பெரியது நுரைச்சோலை அனல் மின் நிலையம். 300 மெகாவாற் இயந்திரங்கள் மூன்று. முதலாவது 2011இல், மற்ற இரண்டும் 2014இல் ஓடத் தொடங்கின. ஆகவே யாழ்ப்பாணத்து வீட்டு விளக்கிலும் நிலக்கரிக்கு ஒரு பங்குண்டு. அந்த நிலக்கரி இன்னும் எத்தனை காலத்துக்கு வரும்?

வழக்கமாகச் சொல்லும் விடை 139 ஆண்டுகள். பிரித்தானிய எண்ணெய் நிறுவனமான பிபி வெளியிட்ட கணக்கு அது. 2020 முடிவில் உலகில் உறுதிசெய்யப்பட்ட இருப்பு 1,074 பில்லியன் தொன்; அதை அந்த ஆண்டு தோண்டிய அளவால் வகுத்தால் 139 வரும். வகுத்தல் சரி, ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. 2000ஆம் ஆண்டு முடிவில் இதே நிறுவனம் 200 ஆண்டுகளுக்கு மேல் என்றது. இருபது வருடம் கழிந்தால் இருபதுதானே குறைய வேண்டும்? குறைந்ததோ அதைப் போல் பல மடங்கு. சீனாவும் இந்தியாவும் எரிக்கும் அளவு ஏறியது ஒரு காரணம். பாவனை ஆண்டுக்கு 2 வீதம் கூடிக்கொண்டே போனால் 139 ஆண்டு இருப்பு ஏறத்தாழ 67 ஆண்டில் தீர்ந்துவிடும். கணிதம் தெரிந்த பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு காரணம், 'இருப்பு' என்பது மண்ணுக்குள் கிடப்பது முழுவதும் அல்ல. இன்றைய விலைக்கும் இன்றைய இயந்திரத்துக்கும் தோண்டக் கட்டுப்படியாவது மட்டுமே இருப்பு. ஜேர்மனி 2004இல் தன் கருநிலக்கரி இருப்பைத் திருத்தியபோது 99 வீதம் கணக்கிலிருந்து மறைந்தது. நிலக்கரி எங்கும் போகவில்லை. தோண்டினால் நட்டம் என்று ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான். அங்கு கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018இல் மூடப்பட்டது. பிரித்தானியாவில் ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் 1865இலேயே நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வருமே என்று பயந்து ஒரு நூல் எழுதினார். 1913இல் அந்த நாடு 287 மில்லியன் தொன் தோண்டியது. 2024 செப்டெம்பர் 30இல் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை நிறுத்தியது. மிச்சம் இன்னும் நிலத்தடியில்தான்.

எங்களுக்கோ தோண்டவே ஒன்றுமில்லை. இலங்கையின் பெரும்பகுதி 50 கோடி ஆண்டுக்கும் முற்பட்ட படிகப் பாறை. நிலக்கரியாக மாறும் காடு நிலத்தில் தோன்றுவதற்கு முந்தியது. குடாநாட்டுச் சுண்ணக்கல்லோ கடலில் படிந்தது. புத்தளத்துக்குக் கிழக்கே தப்போவையில் ஜுராசிக் காலத்துச் செடிகளின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன, நிலக்கரி கிடைக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அல்லது அந்தத் தூசி இல்லை என்றும் சொல்லலாம்.

ஆக, இலங்கையில் நிலக்கரியின் ஆயுளைக் கப்பலில் எண்ண வேண்டும். ஒரு அலகு மின்னுக்கு நுரைச்சோலை ஏறக்குறைய 400 கிராம் நிலக்கரி எரிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மில்லியன் தொன்னுக்கு மேல். இந்தோனேசியா, ரஷ்யா, தென்னாபிரிக்கா என்று வரும் கப்பல்கள் கரைக்கு வர ஆழம் போதாது. வெளியே நங்கூரமிட்டு, பாதைப் படகுகளில் இறக்க வேண்டும். சோளகம் பெயர்ந்தால் கடல் அதற்கு இடம் கொடாது. எனவே ஏப்ரலுக்குள் வந்து குவிந்ததை வைத்தே செப்டெம்பர் வரை ஓட்ட வேண்டும். 2022இல் அந்தக் குவியலையே நிரப்ப டொலர் இல்லை. உலகத்தில் 139 ஆண்டுக்கு நிலக்கரி இருந்தது. நுரைச்சோலைக்குச் சில வாரத்துக்குத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள்.

இத்தகைய நிலையம் முப்பது ஆண்டு உழைக்கும் என்று வைத்தால், அதன் காலம் 2040களின் முற்பகுதியில் முடியும். அடுத்ததாக வரவிருந்த சம்பூர் அனல் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கே இப்போது சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் விழுந்திருக்கிறது. புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் இலங்கை உலகுக்கு வாக்கும் கொடுத்தது. புலோப்பளைப் பக்கம் 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன; எல்லாம் சேர்த்து 20 மெகாவாற் அளவுதான். மன்னார், பூநகரிக்கு 484 மெகாவாற் காற்றாலைத் திட்டம் கொண்டுவந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மக்களுக்கும் பறவைகளுக்கும் அதில் நியாயமான முறைப்பாடுகள் இருந்தன, விலையிலும் பேரம் இருந்தது. ஆனாலும் அந்த இடத்தை நிரப்ப வேறொன்று வந்தாக வேண்டும். மின்சாரத் துறையிடம் வடக்கு மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டியது, நுரைச்சோலை ஓய்வுபெறும் ஆண்டையும் அதற்குப் பதிலாக எது, எங்கே வரும் என்பதையும் எழுத்தில்.