ஸாதும் ஸீனும் எந்த இயர்போனில் தெளிவாகக் கேட்கும்?



ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு ஊர் வருவதற்கு முன்பு, ஷார்ஜாவில் வேலை பார்க்கும் பாகூர் பக்கத்துச் சகோதரர் ஒருவர் நமக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய அக்கா மகனுக்கு 13 வயது. வில்லியனூரில் ஹிஃப்ழ் ஓதுகிறான். "பாய், மருமகன் கிராஅத் கேட்டு ஓதுறதுக்கு நல்ல இயர்போன் ஒண்ணு வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். நான் வச்சிருக்கிற சென்ஹைசர் மாதிரியே வாங்கட்டுமா? இல்ல, எடிமோட்டிக்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவா? காசு போனாப் போகுது, எழுத்து சுத்தமா காதுல விழணும்" என்றார்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. இயர்போன் விமர்சனங்கள் எல்லாம் பாட்டுக்காக எழுதப்பட்டவை. டிரம்ஸ் எப்படி அதிர்கிறது, கிடார் எப்படி ஒலிக்கிறது என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஸாதும் ஸீனும் பிரிந்து கேட்கிறதா என்று யாரும் எழுதுவதில்லை. சகோதரர் ஊர் வந்ததும் அவருடைய சென்ஹைசர் ஐஇ 900-ஐப் பத்து நாள் வாங்கி வைத்துக்கொண்டோம். புதுச்சேரியில் ஒலிப்பதிவு வேலை செய்யும் நண்பரிடமிருந்து எடிமோட்டிக் இஆர்4எஸ்ஆர் கிடைத்தது. இஷாவுக்குப் பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம்.

இரண்டும் இரண்டு விதமான சரக்கு. ஐஇ 900 ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 2021-ல் வெளியிட்டது. அறிமுக விலை 1,299 டாலர். நம் ஊர்க் கணக்கில் ஒரு லட்ச ரூபாய் அளவு. அலுமினியத்தைக் குடைந்து செய்த கூட்டுக்குள் 7 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே ஒரு டைனமிக் டிரைவர். சாதாரண ஸ்பீக்கரைச் சுருக்கிச் சிறிதாக்கியது போன்ற அமைப்பு. இஆர்4எஸ்ஆர் அமெரிக்காவின் எடிமோட்டிக் ரிசர்ச் 2016-ல் கொண்டுவந்தது. அறிமுக விலை 349 டாலர். 1991-ல் வந்த இஆர்4-ன் வாரிசு. இதற்குள் இருப்பது காதுகேட்கும் கருவிகளில் வைக்கும் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை டிரைவர். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மீட் கில்லியன் காதுகேட்கும் கருவித் துறையில் பெயர்பெற்றவர்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இரண்டையும் ஒரே போனில் ஒரே வால்யூமில் வைத்துக் கேட்டால் ஐஇ 900 வென்றுவிடும். அதற்குக் காரணம் தரம் இல்லை, சத்தம். ஒரு வோல்ட்டுக்கு ஐஇ 900 கொடுப்பது 123 டெசிபல். இஆர்4எஸ்ஆர் கொடுப்பது சுமார் 116. ஏழு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் எதுவும் மனிதக் காதுக்கு அழகாகத்தான் தெரியும். கடைக்காரர்கள் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தால் இதுவே போதும். சத்தத்தைச் சமப்படுத்திய பிறகே கேட்க வேண்டும். அப்படித்தான் கேட்டோம்.

முதலில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல் ஹுஸரீ (ரஹ்) அவர்களின் முரத்தல் ஓதல். முழு குர்ஆனும் முரத்தலாக முதன்முதலில் ஒலிப்பதிவானது அவருடைய குரலில்தான், 1961-ல். ஹிஃப்ழ் பிள்ளைகளுக்கு இன்றும் உஸ்தாதுகள் பரிந்துரைப்பது அந்த ஓதலையே. இஆர்4எஸ்ஆரில் ஷெய்க் நம் எதிரே உட்கார்ந்து ஓதுவது போல இருந்தது. நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்போது மூடுகிறது என்பதெல்லாம் காதில் விழுந்தது. கல்கலாவின் அந்தச் சிறு துள்ளல், தால் எழுத்தில் நின்று விடுபடும் இடம், கோடு போட்டது போலத் துல்லியம். கூடவே பழைய டேப்பின் இரைச்சலும் துல்லியமாகக் கேட்டது. அதை மறைக்க இந்த இயர்போனுக்குத் தெரியவில்லை.

ஐஇ 900-ல் அதே ஓதல் கனமாக வந்தது. ஆண்குரலின் அடிச் சுருதி பெரும்பாலும் 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஐஇ 900 கீழ்ப்பகுதியை உயர்த்திக் கொடுப்பதால் குரலுக்குச் சதைப்பிடிப்பு வந்துவிடுகிறது. குன்னா செய்யும்போது மூக்கில் நிற்கும் அந்த ரீங்காரம் நெஞ்சில் இறங்குவது போலிருந்தது. மக்கா ஹரமின் தராவீஹ் பதிவு ஒன்றைப் போட்டபோது, அந்தப் பெரிய இடத்தின் எதிரொலி நம்மைச் சுற்றி விரிந்தது. அதில் இஆர்4எஸ்ஆர் கிட்டவே வர முடியாது. அப்துல் பாஸித் அப்துஸ் ஸமத் (ரஹ்) உச்சஸ்தாயியில் நீட்டும் இடங்களிலும் ஐஇ 900 இதமாக இருந்தது. இஆர்4எஸ்ஆர் சற்றே காதைக் குத்தியது. கேட்டு உருகுவதற்கு எது என்றால், தயங்காமல் ஐஇ 900 என்போம்.

ஆனால் சகோதரர் கேட்டது எழுத்தைப் பற்றி. அங்கேதான் விஷயம் வேறு.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஸீன், ஸாத், ஸா மூன்றும் ஒரே 'ஸ'தான். தாய்மொழியில் அந்த வேறுபாடு இல்லாததால் காது அதைத் தேடுவதே இல்லை. ஸீனின் சீறல் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஷீன் அதைவிடக் கீழே, 2,500 பக்கத்திலேயே தொடங்கிவிடும். அப்படியானால் ஸாத் எங்கே இருக்கிறது? நாமும் மேலே தேடினோம். அங்கே இல்லை. ஸாதின் சீறல் ஏறக்குறைய ஸீனின் சீறலேதான். வித்தியாசம் அதை அடுத்து வரும் உயிரொலியில் இருக்கிறது. நாக்கின் பின்பகுதி உயர்ந்து வாய் கனக்கும்போது, ஃபத்ஹாவில் சுமார் 1,500 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்க வேண்டிய அழுத்தம் கீழே இறங்கிவிடுகிறது. தஃப்கீம், அதாவது எழுத்தைக் கனமாக்குவது என்று உஸ்தாத் சொல்வதைக் காது இப்படித்தான் அறிகிறது. எனவே ஸாதைப் பிடிக்க உதவுவது உயர்ந்த ட்ரெபிள் இல்லை. நடுப்பகுதி மூடாமல் இருப்பதுதான்.

இந்த நடுப்பகுதியை இரண்டு இயர்போன்களும் வேறுவேறாகக் கையாள்கின்றன. நம் காதுத் துவாரம் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். புல்லாங்குழல் போல அதற்கென்று ஒரு இயற்கை ஒலி உண்டு. 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை அது தானாகவே உயர்த்தித் தருகிறது. மனிதப் பேச்சில் மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் பகுதியும் அதுவே. அல்லாஹ்வின் படைப்பு எவ்வளவு கச்சிதம்! இயர்போனைச் செருகித் துவாரத்தை அடைத்ததும் அந்த உதவி போய்விடுகிறது. போனதை இயர்போன் திருப்பித் தர வேண்டும். இஆர்4எஸ்ஆர் அதை அளந்து அப்படியே தருகிறது. ஐஇ 900 கொஞ்சம் குறைத்தே தருகிறது. குரல் மிருதுவாகத் தெரிவதற்கும், மெய்யெழுத்து ஒரு அடி பின்னால் போய் நிற்பதற்கும் அது ஒரு காரணம். தொண்டையின் நடுவிலிருந்து வரும் ஹாவையும் அடியிலிருந்து வரும் ஹாவையும் இஆர்4எஸ்ஆரில் எளிதாகப் பிரித்தோம். ஐஇ 900-ல் உற்றுக் கேட்டுத்தான் பிரிக்க முடிந்தது. நாம் காரிகள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஓதிப் பழகிய ஒருவருக்கு இந்தச் சிரமம் இல்லாமலும் போகலாம்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐஇ 900-ன் பெட்டியில் 48,000 ஹெர்ட்ஸ் வரை என்று இருக்கும். இஆர்4எஸ்ஆர் 16,000-உடன் நின்றுவிடும். மனிதக் காதுக்கு எட்டுவதே 20,000 வரைதான். வயது ஏற ஏற அதுவும் குறையும். நாம் இறக்கி வைத்திருக்கும் 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்புகளில் சுமார் 16,000-க்கு மேல் அனேகமாக எதுவுமே இருக்காது. 1961-ன் டேப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவும் அமைதியான அறையில் கேட்டது. பையன் எங்கே கேட்கிறான் என்று அவனிடமே கேட்டபோதுதான் நமக்குச் சுருக்கென்றது. கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர் வரும் தனியார் பேருந்தில். போக வர ஒன்றரை மணி நேரம். 300 ரூபாய் இயர்போன், காதில் தளர்வாகத் தொங்கும் வகை. இன்ஜின் சத்தம், ஏர் ஹாரன், டிரைவர் போடும் சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் தாண்டி ஓதல் கேட்க வேண்டுமே என்று வால்யூமை முழுவதும் ஏற்றி வைத்திருக்கிறான். "ராத்திரி படுக்கும்போது காதுல ஙொய்னு ஒரு சத்தம் வருது மாமா" என்று அவன் தாய்மாமாவிடம் அப்போதுதான் சொன்னான்.

அந்தப் பேருந்தில் நாமும் ஒரு நாள் போனோம். செல்போன் செயலி 80 டெசிபலுக்கு மேல் காட்டியது. செயலி துல்லியமான கருவி இல்லைதான். இருந்தாலும் ஒரு மதிப்பீட்டுக்குப் போதும். 80 டெசிபல் இரைச்சலில் ஓதலின் எழுத்துகள் தெளிவாக வேண்டுமானால் காதுக்குள் 90-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்; சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 90 டெசிபலில் ஒரு சிறுவன் வாரம் முழுவதற்கும் கேட்கலாம் என்பது ஒன்றேகால் மணி நேரம்தான். நம் பையன் அதை முதல் நாளிலேயே முடித்துவிடுகிறான். சத்தத்தால் உட்காதின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதி. அதாவது ஸீனும் ஷீனும் குடியிருக்கும் இடம்.

இன்னொன்றும் உண்டு. ஸா எழுத்து மிக மெலிந்த காற்று. பேருந்து இரைச்சலில் முதலில் மூழ்குவது அதுதான். எவ்வளவு ஏற்றினாலும் அது சரியாகக் கேட்காது.

எனவே, பேருந்தில் கேட்டே ஆக வேண்டும் என்றால், ஒலியின் தரத்தைவிட முக்கியம் வெளிச்சத்தத்தை அடைப்பது. இஆர்4எஸ்ஆர் மூன்றடுக்கு ரப்பர் முனையோடு ஆழமாக உள்ளே போகும்; 35 டெசிபல் வரை வெளிச்சத்தத்தைக் குறைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. அதில் பாதி கிடைத்தாலும் பேருந்தில் வால்யூமைக் கணிசமாக இறக்கலாம், நாம் இறக்கினோம். ஐஇ 900-ல் காற்று போக வழி இருப்பதால் அந்த அளவுக்கு அடைப்பு இல்லை. அடைப்பின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: இஆர்4எஸ்ஆர் போட்டிருந்த ஒரு மாலை மஃரிப் பாங்கு நம் காதில் விழவே இல்லை, வீட்டில் வந்து தட்டித்தான் எழுப்பினார்கள். இதை மாட்டிக்கொண்டு விழுப்புரம் சாலையில் சைக்கிளோ பைக்கோ ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

ஆழமாகப் போகும் முனை 13 வயதுக் காதுக்குச் சரிப்படுமா? பையனுக்குப் பெரிய முனை வலித்தது. சிறிய முனை போட்டதும் சரியாக உட்கார்ந்தது. எச்சில் தொட்டுச் செருகாதீர்கள், தண்ணீர் போதும். முனையை வாரம் ஒருமுறை கழுவி உலர்த்த வேண்டும். காது அழுக்கு ஏறினால் உள்ளே இருக்கும் சிறு வடிகட்டி அடைத்து ஒரு பக்கம் மங்கும். 'இயர்போன் ரிப்பேர்' என்று தூக்கிப் போடுபவர்களில் பாதிப் பேர் இதைத்தான் அனுபவிக்கிறார்கள் என்று நினைக்கிறோம்.

சகோதரரிடம் நாம் சொன்னது இது. உங்களுக்கு ஐஇ 900 இருக்கட்டும், பகல் வேலை முடிந்து அறையில் படுத்துக்கொண்டு கேட்பதற்கு அதைவிட இதமானது கிடைப்பது கஷ்டம். பையனுக்கு அது வேண்டாம். ஒரு லட்ச ரூபாயைப் பேருந்தில் காதில் தொங்கவிட்டுக்கொண்டு போகும் பிள்ளைக்கு ஓதலில் கவனம் இருக்காது, இயர்போனில்தான் இருக்கும். இஆர்4எஸ்ஆர்கூட அவசியமில்லை. அதே நிறுவனத்தின் இஆர்3எஸ்இ அதே குணத்தோடு ஏறக்குறைய பாதி விலைக்கு வந்தது; ஒலியில் இருக்கும் சிறு வித்தியாசம் தஜ்வீதுக்குக் குறுக்கே நிற்காது. போனில் வால்யூம் வரம்பைப் பெரியவர் ஒருவர் கையால் பூட்டி வையுங்கள். முதலில் காது மருத்துவரிடம் ஒரு கேள்விச் சோதனை செய்துவிடுங்கள்.

உஸ்தாதிடமும் போய்ப் பேசினோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு பையனை எதிரே உட்காரவைத்து, "என் வாயைப் பாரு" என்று சொல்லி ஸாதை ஒருமுறை, ஸீனை ஒருமுறை ஓதிக் காட்டினார். உதடும் கன்னமும் மாறுவதைப் பையன் பார்த்தான். மூன்றாவது தடவையில் அவனுக்கு ஸாத் வந்துவிட்டது. "கேக்குறதுக்கு மெஷின் வாங்கிக் குடுங்க, வேணாம்னு சொல்லல. காலையில ஃபஜ்ருக்கு அப்புறம் வீட்ல கேட்கட்டும். பஸ்ல கேட்க வேணாம், முந்தின நாள் பாடத்தை வாய்க்குள்ள ஓதிட்டு வரட்டும்" என்றார்.

பேருந்தில் இயர்போன் போடுவதை நிறுத்திச் சில நாட்களில் காதில் அந்தச் சத்தம் நின்றுவிட்டதாம், அல்ஹம்துலில்லாஹ். சோதனைக்கு அடுத்த வாரம் கூட்டிப் போகிறார்கள். இஆர்3எஸ்இ ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வரும் இன்னொருவர் கையில், இன்ஷா அல்லாஹ், ரமழானுக்கு முன் வந்து சேரும்.