ரசிகர் காசில் ஒரு துப்பறியும் படம்

டி.வி. தொடரைச் சினிமாவாக்குவது என்றால் நாலு எபிசோடை ஒட்டிக் காட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் 'வெரோனிகா மார்ஸ்' தொடரையே பாருங்கள். அதில் படிக்கிற பெண்தான் துப்பறிவாளர். 2004-ல் தொடங்கி, 2007-ல் 64 எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள். தொடரை உருவாக்கிய ராப் தாமஸ், படம் எடுக்க 2013-ல் 'கிக்ஸ்டார்ட்டர்' என்ற இன்டர்நெட் தளம் மூலம் ரசிகர்களிடமே பணம் கேட்டார். கேட்டது 20 லட்சம் டாலர். வந்ததோ 57 லட்சம்! கொடுத்தவர்கள் 91 ஆயிரம் பேருக்கு மேல்.

சிக்கல் இங்கேதான். தொடரின் முதல் வருஷத்தில் ஒரு கொலை முடிச்சை 22 எபிசோடு வரை மெள்ள அவிழ்த்தார்கள். படத்துக்குக் கிடைப்பதோ 107 நிமிஷம்! காசு போட்டவருக்குப் பழைய முகமெல்லாம் வேண்டும். புதிதாக வருபவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

தாமஸ் என்ன செய்தார்? எடுத்த எடுப்பிலேயே வெரோனிகாவின் குரலில் முன்கதையைச் சுருக்கிச் சொன்னார். பள்ளித் தோழர்கள் பத்து வருஷம் கழித்துக் கூடும் விழா ஒன்றை வைத்தார். பழைய முகங்கள் ஒரே இடத்தில் வந்துவிட்டன. கூடவே, பழைய காதலன் மேல் புதிதாய் ஒரு கொலைப்பழி!

2014-ல் வந்த படம், ரசிகர் வட்டத்தைத் தாண்டிப் பெரிதாக ஓடவில்லை. ரசிகர் காசு படம் எடுக்க வைக்கும். புதியவரை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியது திரைக்கதைதானே!