புள்ளி மிஞ்சினால் தெரிந்துவிடும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ‘அரும்பு’ பிள்ளைகளோடு வட்டமாக உட்கார வைக்கிறார்கள். ஒன்றும் தெரியாத நாலு பேர் சேர்ந்து எதைக் கற்பார்கள்?”

அவர் சொல்வது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். 2022 ஜூனில் அவருடைய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் எட்டியிருக்கும் நிலையை வைத்துக் குழு பிரிப்பார்கள்.

கேள்வி நியாயமானது. இதே சந்தேகத்தை கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித் குழுவினர் சோதித்து, 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். மரபியல் வகுப்பில் ஒரு கேள்வி. முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி விடை. அடுத்து, அதே கருத்தில் வேறொரு கேள்வி. அதற்குத் தனியாகத்தான் பதில். பேசியபின் திருந்தியவர்களில் 77 சதவீதம் பேர் அதைச் சரியாகச் செய்தார்கள். என்னை அசத்தியது இன்னொரு எண்: பேசியபின்னும் தவறாகவே சொன்னவர்களில் 44 சதவீதம் பேர் அந்தக் கேள்வியில் தேறிவிட்டார்கள்!

எப்படி? மார்கழி விடியலில் இரண்டு பெண்கள் சிக்குக் கோலம் போடுகிறார்கள். இருவருக்குமே பாதி மறந்துவிட்டது. ஒருத்திக்குப் புள்ளிக் கணக்கு நினைவிருக்கிறது, மற்றவளுக்கு மூலையில் கம்பி வளையும் விதம். இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு புள்ளி வெளியே தனித்து நிற்கிறது. தப்பு என்று சொல்ல மூன்றாவது ஆள் வேண்டாம், கோலமே காட்டிக் கொடுக்கிறது. “நீ எங்கேடி திரும்பினே?” என்று கேட்டு, அழித்து, மறுபடி இழுக்கிறார்கள்.

மரபியல் கேள்வியிலும் இதுதான். தனியாக யோசிப்பவர் ஒரு படியைத் தாண்டிவிடுவார். தாண்டியது அவருக்கே தெரியாது. வாய்விட்டுக் காரணம் சொல்லும்போது அந்த இடத்தில் பேச்சு தடுமாறும். எதிரில் இருப்பவரின் தப்பு வேறு இடத்தில் இருப்பதால் இரண்டு விளக்கங்களும் முட்டிக்கொள்ளும்.

கோலத்தை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். ஒரே தப்போடு பழகிய அக்காவும் தங்கையும் போட்டால், மிஞ்சிய புள்ளியை அழகு என்றே நினைப்பார்கள். ஒருத்தியே மாவை வாங்கி முழுக்கப் போட்டால் மற்றவளுக்கு ஒன்றும் சேராது. எதிர்வீட்டுப் பாட்டி முன்கூட்டியே வழி சொன்னால் இருவருமே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கொலராடோவில் இரண்டாம் கேள்வி முடியும்வரை விடையை யாரும் சொல்லவில்லை.

வரலாறு சுருக்கமாக: ஹார்வர்டில் எரிக் மசூர் 1991இலேயே இயற்பியல் வகுப்பை இப்படி மாற்றினார். நம் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியபோதே சக மாணவர் உதவிக் குழுக்கள் உண்டு.

‘கற்றல் சமூகம்’ என்று மேடைகளில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. வட்டமாக உட்கார்ந்தாலே கற்றல் நடந்துவிடும் என்கிறார்கள். கொலராடோ மாணவர்கள் வளர்ந்தவர்கள், அந்த எண்கள் ஏழு வயதுக்கு அப்படியே பொருந்தாது. அதோடு, எழுத்து ஊர் கூடி ஒப்புக்கொண்ட வழக்கம். ‘ழ’வின் வடிவத்தை நாலு பிள்ளைகள் எவ்வளவு பேசினாலும் கண்டுபிடிக்க முடியாது, அங்கே ஆசிரியர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். எண்ணில் மட்டும்தான் மிஞ்சிய புள்ளி கண்ணுக்குத் தெரியும்.

ஷிப்ட் இல்லாத நாளில் மகளை 27ஓடு 15ஐக் கூட்டச் சொல்லுங்கள். 32 என்றால் திருத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு, இருவர் கையிலும் புளியங்கொட்டையைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள்.