சிறுவர் உணவும் வீட்டுப் பழக்கமும்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் செம்மண் தோட்டத்தை மட்டும் இழக்கவில்லை. அது தந்த குரக்கன், பயறு, கீரை, மரக்கறி ஆகியவற்றையும் இழந்தன. கடையில் கைக்காசுக்குக் கிடைப்பதே பிள்ளைகளின் உணவாயிற்று. தேநீரும் பிஸ்கற்றும் பசியை அடக்கும், உடலை வளர்க்கமாட்டா.

சொந்தக் காணி இல்லாவிடினும் வேலியோரம் ஒரு முருங்கைத் தடியை நாம் நாட்டலாம். சில மாதங்களில் இலை பறிக்கலாம். அதில் இரும்புச்சத்தும், விற்றமின் 'ஏ' ஆக மாறும் சத்தும் உண்டு. வறையில் சேரும் தேங்காய்ப்பூவின் எண்ணெய் விற்றமினையும், இறக்கியபின் விடும் தேசிப்புளி இரும்பையும் உடல் ஏற்க உதவுகின்றன. தேநீரோ இரும்பைத் தடுக்கும். சிறுபிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

பிள்ளை முதல் நாள் துப்பினால் 'இவனுக்குப் பிடிக்காது' என்று விட்டுவிடக் கூடாது. பத்துத் தடவைக்கு மேல் கொடுத்த பின்னரே சில பிள்ளைகள் புதிய உணவை ஏற்கின்றனர். ஒவ்வொரு முறையும் ஒரு வாய் போதும். அடித்தும் வெருட்டியும் ஊட்ட வேண்டாம். ரொபி தருவதாக ஆசை காட்டினால், ரொபியே மேலான உணவென்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். தகப்பன் வறையை ஒதுக்கினால் மகனும் ஒதுக்குவான். எனவே நாளுக்கு ஒரு நேரமாவது எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரே கறியை உண்போம். காணி விடுபடும்வரை பிள்ளையின் வளர்ச்சி காத்திராது.