ஓசூர் ஆலையும் கழுவுநீர்க் கணக்கும்

கர்நாடகத்தின் பன்னர்கட்டா காடுகளிலிருந்து புறப்படும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூரை அடுத்த சானமாவு காப்புக்காட்டுக்கு ஆண்டுதோறும் வந்து சேர்கின்றன. ராகி முற்றும் பருவத்தில்தான் அவை வருகின்றன. இந்தக் காட்டுக்குச் சற்றுத் தொலைவில்தான் தமிழ்நாட்டின் பெரிய வாகன உற்பத்தி மையங்களில் ஒன்று இருக்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. காடும் வயலும் தென்பெண்ணை ஆறும் இத்தனை நெருங்கிக் கிடக்கும் ஊரில், ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள் என்பது ஆலைச் சுவருக்குள் முடிந்துபோகும் விஷயமல்ல.

கிண்டி பொறியியல் கல்லூரியிலும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலும் படித்த வேணு சீனிவாசன் 1979இல் டிவிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானார். அடுத்த ஆண்டு ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. பின்னாளில் அவர் ஜப்பானியத் தர மேலாண்மையை ஆலைக்குள் உறுதியாக வேரூன்றச் செய்தார். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இலும், டிவிஎஸ் மோட்டார் 2002இலும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றன.

தரத்துக்கான பரிசை மாசுக் கட்டுப்பாட்டோடு சேர்த்துப் பேச வலுவான காரணம் உண்டு. குறையுள்ள பொருளைக் கடைசியில் பொறுக்கி ஒதுக்குவதைவிட, குறை பிறக்கும் இடத்தைக் கண்டு திருத்த வேண்டும் என்பது அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த டெமிங்கின் அடிப்படைப் பாடம். கழிவும் அப்படிப்பட்ட ஒரு குறைதான்: காசு கொடுத்து வாங்கிய ரசாயனமோ உலோகமோ பொருளில் சேராமல் வெளியே போகிறது. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற அதே சுழற்சியின் மீதுதான் 1996இல் வெளியான ஐஎஸ்ஓ 14001 சுற்றுச்சூழல் தரமுறையும் நிற்கிறது.

டிவிஎஸ் ஓசூர் வளாகத்தில் தோப்பும் குளங்களும் உண்டு; நீர்ப்பறவைகள் அங்கே தங்குகின்றன. மனம் நிறைந்து பாராட்ட வேண்டிய முயற்சி இது. ஆனாலும் இருசக்கர வாகன ஆலை எதுவாயினும், மாசு குறைகிறதா என்று அறியப் பார்க்க வேண்டிய முதல் இடம் பெயின்ட் ஷாப். தண்ணீரும் வெப்பமும் மிகுதியாகச் செலவாகும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

பெயின்ட் அடிக்கும் முன் இரும்புப் பாகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும்; பிறகு பாஸ்பேட் கரைசலில் முக்கி, பெயின்ட் பிடிக்கும் மெல்லிய படலத்தை உருவாக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் வெளிவரும் பாகத்தோடு கொஞ்சம் கரைசலும் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழுவும் நீர்தான் பாஸ்பேட், துத்தநாகம், நிக்கல் கலந்த கழிவாகிறது. ஒட்டிவந்த 1 லிட்டர் கரைசலின் செறிவை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க, ஒரே தொட்டியில் கழுவினால் ஏறத்தாழ 1,000 லிட்டர் நீர் வேண்டும். இரண்டு தொட்டிகளை அடுத்தடுத்து வைத்து, பாகம் ஒரு திசையிலும் நீர் எதிர்த்திசையிலும் செல்லும்படி செய்தால் சுமார் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டி என்றால் 10 லிட்டர். புதிய ரசாயனம் எதுவும் தேவையில்லை. தொட்டிகளின் வரிசையும் நீரோட்டத்தின் திசையும் மாறினால் போதும். தொழிற்சாலைக் கணக்குகளில் இவ்வளவு அழகானவை குறைவு.

பெயின்டுக்கும் இதே நியாயம்தான். மின்சாரத்தின் உதவியால் பெயின்டைப் பாகத்தில் படியவைக்கும் முறையில், பாகத்தைக் கழுவிய நீரை நுண்சவ்வு வழியே வடிகட்டினால் பெயின்ட் மீண்டும் தொட்டிக்கே திரும்புகிறது. மிஞ்சும் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு முறையிலும் ஆவியாக்கியிலும் செலுத்தி, உப்பை மட்டும் பிரித்தெடுப்பதே ‘துளி நீரும் வெளியேறாத’ ஏற்பாடு. இதற்கு மின்சாரமும் பணமும் நிறையச் செலவாகும். ஆனாலும், இத்தகைய ஏற்பாட்டைச் செய்யாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆவியாக்கிக்கு வந்து சேரும் நீர் குறையக் குறையச் செலவும் குறையும் என்பதால், கழிவு பிறக்கும் இடத்தில் செய்யும் திருத்தமே முதல் வேலை.

உலோகத்தில் ஆதாயம் இன்னும் பெரியது. இன்ஜின் உறைகளை வார்க்கப் பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்தினால், தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம்தான் செலவாகும். காற்றாலை, சூரிய மின்சாரத்தை டிவிஎஸ் பயன்படுத்துவதும் இதோடு சேர்ந்ததே.

வண்டி ஆலை வாசலைத் தாண்டிய பிறகுதான் பெரிய கணக்கு தொடங்குகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட 2,000 லிட்டர் பெட்ரோல் எரிக்கும். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 4.6 டன் கரியமில வாயு வெளியாகும். மின் ஸ்கூட்டரோ, நிலக்கரி மிகுந்த இன்றைய இந்திய மின்சாரத்தில் ஓடினாலும் ஏறக்குறைய அதில் பாதியைத்தான் வெளியிடும். டிவிஎஸ் 2020இல் ஐக்யூப் மின் ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. ஏதர் ஓசூரிலும், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் ஆலை அமைத்தன.

ஒரு நிறுவனத் தலைவரின் ஆணை எதுவரை செல்லும் என்பதும் ஓசூரில் தெரிகிறது. பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரைத்து நிற்கிறது. ஓசூர் ஆலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த நுரை அடங்காது. பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் முலாம் பூசும் பட்டறைகளுக்குச் சொந்தமாக ஆவியாக்கி வைக்கும் வசதியும் இல்லை. அவற்றுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும், மூன்று தொட்டிக் கழுவலைக் கற்றுத்தரும் பொறியாளரும் வேண்டும். பாகத்தின் அளவுக்கும் விலைக்கும் நிபந்தனை போடும் பெரிய நிறுவனங்கள், கழுவும் நீருக்கும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போட்டு, அதற்கான செலவில் ஒரு பங்கையும் ஏற்றால் இந்தப் பட்டறைகளும் மாற முடியும்.