படச்சுருளில் அகப்படாத தாக்குதல்

பகைவரின் துறைமுகத்துக்குள் ஓசையின்றிப் புகுந்து, நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைத் தகர்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட சிறு கலங்களைப் பற்றி நூல்கள் பல இருந்தும், அவை தாக்கிய கணத்தைக் காட்டும் அசல் படச்சுருள் கிடைப்பது மிக அரிது. கண்ணில் படாமல் இருப்பதே அவற்றின் பலமாக இருந்ததால், காமிராவும் அவற்றைக் காணவில்லை. 1941இன் இறுதியில், கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியில் 24 நாள் இடைவெளியில் நிகழ்ந்த இரு அழிவுகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

நவம்பர் 25 அன்று, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலான யு-331 ஏவிய டார்பிடோக்கள் பிரிட்டனின் 'பார்ஹம்' போர்க்கப்பலைத் தாக்கியபோது, உடன் சென்ற 'வேலியன்ட்' கப்பலில், திரையரங்குகளுக்குச் செய்திப்படம் தயாரித்த கோமான் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் டர்னர் இருந்தார். பார்ஹம் இடப்புறமாகச் சாய்ந்துகொண்டே போவதும், சாய்ந்த உடற்பகுதியின் மேல் மாலுமிகள் கரும்புள்ளிகளாக ஏறி நகர்வதும், வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பெரும்புகை அத்தனை பேரையும் மறைத்துவிடுவதும் அவர் எடுத்த சுருளில் பதிந்துள்ளன. இறந்தவர்கள் 860 பேருக்கும் மேல். கப்பல் மூழ்கிய செய்தியையே 1942 ஜனவரி வரை பிரிட்டன் வெளியிடவில்லை. படமோ போர் முடிந்த பின்னரே மக்கள் பார்வைக்கு வந்தது. அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஓர் உயிர் என்பதை மறந்து, எந்தக் கப்பல், எந்த நாள் என்று சொல்லாமல், வேறு ஏதோ போரைப் பற்றிய நிகழ்ச்சியில் இக்காட்சியைச் சில நொடிகள் ஒட்டவைப்பது இறந்தவர்களுக்கும் வரலாற்றுக்கும் ஒருசேர இழைக்கப்படும் அநீதியாகும்.

பார்ஹமின் முடிவைப் படமெடுக்க இடம் தந்த அதே வேலியன்ட், டிசம்பர் 19 விடியற்காலையில் எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்தில் தானே தாக்குதலுக்கு உள்ளானது. இத்தாலியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலான 'ஷிரே' முந்திய இரவில் துறைமுகத்துக்கு வெளியே மூன்று 'மயாலே'க்களை இறக்கிவிட்டிருந்தது. இத்தாலிய மொழியில் பன்றி என்று பொருள்படும் இச்செல்லப்பெயரைக் கொண்ட கலம், டெசெயோ தெசெய், எலியோஸ் டோஸ்கி என்னும் இரு கடற்படைப் பொறியாளர்கள் வடிவமைத்ததாகும். சுமார் 7 மீட்டர் நீளமுள்ள, மின்கலத்தால் மெதுவாக ஓடும் டார்பிடோ ஒன்றின் மேல் இருவர் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து, குமிழி விடாத ஆக்சிஜன் சுவாசக் கருவியுடன் நீருக்கடியில் செல்வர். இலக்கை அடைந்ததும் வெடிமருந்து நிரம்பிய முன்பகுதியை மட்டும் கழற்றிக் கப்பலின் அடியில் தொங்கவிட்டு விலகிவிடுவர். துறைமுக வாயிலில் இருந்த தடுப்பு, பிரிட்டிஷ் கப்பல்களுக்காகத் திறக்கப்பட்ட வேளையில் மூன்று கலங்களும் உள்ளே நுழைந்தன.

வேலியன்ட்டை நோக்கிச் சென்ற லூயிஜி டுராண்ட் டெ லா பென்னேயின் கலம், சுழலியில் கம்பி சிக்கிக் கடலடியில் நின்றுபோனது. துணைவரான எமிலியோ பியாங்கியும் அருகில் இல்லாத நிலையில், சேறு கலங்கிக் கண் தெரியாத நீரில், கப்பலின் பம்பு ஓசையையே திசைகாட்டியாகக் கொண்டு, அக்கலத்தைச் சுமார் 40 நிமிடங்கள் கையால் இழுத்துக் கப்பலின் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னர் இருவரும் பிடிபட்டு அதே கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டனர். வெடிப்புக்குச் சற்று முன் டெ லா பென்னே கப்பல் தலைவர் சார்ல்ஸ் மோர்கனிடம் எச்சரிக்கை விடுத்தாலும் குண்டு இருக்கும் இடத்தைச் சொல்ல மறுத்துவிட்டதால், மீண்டும் அடித்தளத்துக்கே அனுப்பப்பட்டார். இருவரும் உயிர் தப்பினர். இத்தாலி நேசநாடுகளின் பக்கம் சேர்ந்த பின், 1945 மார்ச்சில் டெ லா பென்னேயின் மார்பில் தங்கப் பதக்கத்தை அணிவித்தவர் அதே மோர்கன்தான்.

அன்று 'குயின் எலிசபெத்' என்னும் மற்றொரு போர்க்கப்பலும் எண்ணெய்க் கப்பல் ஒன்றும் சேதமடைந்தன. ஆயினும் துறைமுகத்தின் ஆழம் குறைவு என்பதால், போர்க்கப்பல்கள் இரண்டும் தரைதட்டி, மேல்தளம் நீருக்கு மேல் தெரியும்படி அமர்ந்தன. தளபதி கன்னிங்ஹாம் குயின் எலிசபெத்திலேயே தங்கியிருந்து, கொடியேற்றம் முதலிய சடங்குகளை வழக்கம்போல் நடத்தினார்; வானிலிருந்து படமெடுப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்ற வேண்டும் என்பதே நோக்கம். படத்தைச் சான்றாக நம்பும் பழக்கமே இங்கு ஏமாற்றுவதற்கான கருவியாயிற்று.

சிறு கலம் ஒன்றின் தாக்குதலால் விளைந்த அழிவு படமானதற்கு முதல் உலகப் போரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1918 ஜூன் 10 அன்று இருள் பிரியுமுன், பிரேமுதா தீவருகே லூயிஜி ரிட்ஸோவின் 'மாஸ் 15' என்ற டார்பிடோ விசைப்படகு ஆஸ்திரிய-ஹங்கேரியப் போர்க்கப்பலான 'செண்ட் இஷ்ட்வான்' மீது இரு டார்பிடோக்களைச் செலுத்தித் தப்பியது. கப்பல் மூழ்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனதால் பொழுது விடிந்திருந்தது; உடன் வந்த 'டெகெட்ஹாஃப்' கப்பலிலிருந்து முடிவைப் படமெடுக்கவும் முடிந்தது. இச்சுருளும் பார்ஹமின் சுருளும் பெயர் மாற்றிக் காட்டப்படும்போது அவற்றைப் பிரித்தறிய வழி உண்டு. மூன்று குழல் கொண்ட பீரங்கி மேடைகளுடன் வலப்புறம் சாய்ந்து, வெடிப்பின்றி மெல்லக் கவிழ்வது செண்ட் இஷ்ட்வான். இரு குழல் மேடைகளுடன் இடப்புறம் சாய்ந்து வெடித்துச் சிதறுவது பார்ஹம். செண்ட் இஷ்ட்வானின் சுருளில் ரிட்ஸோவின் படகைத் தேடினால் கிடைக்காது. காமிரா சுழலத் தொடங்குமுன்பே அது இத்தாலியக் கரை நோக்கிப் போய்விட்டது.