ஒத்தி வீடும் ஓயாத வட்டியும்



அன்பியக் கூட்டங்களுக்கும் வீடு சந்திப்புக்கும் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "சாமி, ஒத்தி முடியப் போகுது. பக்கத்துல வேற வீடு இருந்தா சொல்லுங்க." இந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் பாரத்தை இன்று சற்று சிந்திப்போம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். பலருக்குச் செய்யும் வேலையின் அளவுக்குத்தான் கூலி. மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. வேலை நின்றாலும் வாடகை நிற்பதில்லை. ஆகவே மாத வாடகைக்குப் பயந்து பலரும் ஒத்திக்குப் போகிறார்கள்.

ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பேசிய காலம் வரை வாடகையின்றிக் குடியிருப்பதும், காலம் முடிந்ததும் அதே தொகையைத் திரும்பப் பெறுவதும்தான் ஒத்தி. கையில் சேமிப்பு உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. கடன் வாங்கி ஒத்தி கொடுப்பவர்களின் நிலை என்ன? ஒரு கணக்குப் பார்ப்போம். 2 லட்ச ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,000 ரூபாய் வட்டி. மூன்று ஆண்டுகளில் 1,44,000 ரூபாய். வீட்டுக்காரர் திருப்பித் தரும் 2 லட்சம் கடன்காரருக்கே போய்விடும். வாடகை இல்லை என்று நினைத்த வீட்டுக்கு, வட்டி என்ற பெயரில் வாடகை கொடுத்திருக்கிறோம்.

பணத்தோடு இது முடிவதில்லை. ஒத்திப் பணத்துக்காக வேலை செய்யும் இடத்தில் முன்பணம் வாங்கியவர், அங்கே பாதுகாப்புக் குறைவு என்று தெரிந்தாலும் விலகிப் போக முடியாது. வேறு சிலர் வட்டி கட்டுவதற்காக வீட்டிலேயே கள்ளத்தனமாகப் பட்டாசு செய்யத் துணிகிறார்கள். 2021 ஜூனில் தாயில்பட்டியில் வீட்டுக்குள் நடந்த வெடிவிபத்து உயிர்களைப் பறித்தது. பாதுகாப்புத் தர வேண்டிய வீடே ஆபத்தாகிவிடுகிறது.

அரசுத் திட்டங்கள் இல்லையா என்று கேட்கலாம். 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், குடிசையில் வாழ்வோர் 360 சதுர அடியில் வீடு கட்ட 3.50 லட்ச ரூபாய் என்று நிர்ணயித்தது. நல்ல முயற்சிதான். ஆனால் வீடு கட்டச் சொந்த இடமோ பட்டாவோ வேண்டும். ஒத்தி வீட்டில் இருப்பவருக்கு அந்த ஒரு சென்ட் நிலம்தானே இல்லை!

ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்றும், அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு என்றும் விடுதலைப் பயண நூல் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. இரவில் படுக்க ஒரு போர்வை கூட மனிதரின் உரிமை என்றால், ஒரு கூரை எவ்வளவு பெரிய உரிமை! உறைவிடம் மனித உரிமை என்று திருத்தந்தை 23-ஆம் யோவான் 1963-இல் தமது சுற்றுமடலில் எழுதினார். நிலம், வீடு, வேலை மூன்றும் புனிதமான உரிமைகள் என்பது திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் மக்கள் இயக்கங்களுக்குக் கூறியது.

பங்கு மக்களாக நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஒத்தியை வெறும் தாளில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலுமான ஒத்தி பத்திரமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இல்லாவிட்டால் வீடு கைமாறும்போது நம் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது, கடன் வாங்குமுன் மாத வட்டியையும் அதே போன்ற வீட்டின் மாத வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாடகை குறைவாக இருந்தால் வாடகையே மேல்.

மூன்றாவது, இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்கு அன்பியத்தில் படித்த இளைஞர்கள் மனு எழுதிக் கொடுத்து, தாலுகா அலுவலகம் வரை உடன் செல்லலாம்.

நான்காவது, நம்மில் வீட்டுச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். தீபாவளிக்குப் பின் வரும் வேலையில்லா வாரங்களில் வாடகைக்குச் சற்றுப் பொறுத்திருந்தால், குடியிருப்பவர் வட்டிக்கடையை நாட வேண்டியதில்லை.

பெத்லகேமில் இடம் கேட்டு நின்ற யோசேப்பையும் மரியாவையும் நினைத்து ஒவ்வொரு ஆண்டும் குடில் கட்டுகிறோம். இடம் கேட்டு நம் வாசலில் நிற்பவருக்கு நம் பதில் என்ன? சிந்திப்போம், செயல்படுவோம்.